ஆறு படிக்கு எட்டுத் துளை

அத்தையை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னது ஒரு திங்கட்கிழமை. இடையில் மூன்று நாள். அதற்குள் நான் செய்ய வேண்டியது எட்டுத் துளை போடுவது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடம் நடத்துகிற, சொந்தமாக ஒரு டிரில் மெசின் வைத்திருக்கிற எனக்கு எட்டுத் துளை எல்லாம் ஒரு வேலையா என்றுதான் நானும் நினைத்தேன்.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த ஒட்டு வரிசை வீடுகளில், கடைசி வீடு எங்களுடையது. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், ஆறு கல்படி இறங்கிப் போக வேண்டும். ஐப்பசி மழையில் பாசி பிடித்துக் கிடந்த அந்தப் படியில்தான் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, வாக்கர் என்கிற தாங்குசட்டம் பிடித்து நாலடி நடக்கிற அளவுக்குத் தேறியும் விட்டார்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட்டுச் சட்டி வைக்கச் சொல்ல வேண்டும். கட்டிலைச் சுற்றியிருக்கிற திரைச்சீலையோ பாதிக்கு மேல் இழுபடாது. அத்தை யோசித்துப் பார்த்து, குடிக்காமலே இருந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். ஒரு நாளைக்கு ஏழெட்டு கிளாஸ் தேத்தண்ணி குடிக்கிற மனுஷி, நான் பிளாஸ்கில் கொண்டுபோனதில் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்தார். வார்டில் இருந்த சிங்கள நர்ஸ் மிஸ்ஸி, “வத்துர பொன்ட அம்மே” என்று தண்ணீர் கிளாஸை நீட்டிக் கெஞ்சுவார். அத்தை சிரித்தபடி வாங்கிக்கொள்வார். மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பியதும் கிளாஸ் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

உதடு வெடித்துப்போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் இடுப்பு நல்லாயிருக்கும், மற்றதெல்லாம் கெட்டுப்போகும் என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“வீட்டுக்கு வந்தா எல்லாம் சரியாயிரும் அத்தை” என்றேன்.

“வீட்டுலயும் சட்டிதானே, டீச்சரம்மா? அந்த ஆறு படிய யாரு தூக்கிட்டு எறங்குறது? அதுக்கு நான் இங்கயே கெடக்குறேன்.”

என் மேல் கோபம் இருந்தால் நான் டீச்சரம்மா. கோபம் இல்லாவிட்டால் பிள்ள. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் பெரும்பாலும் டீச்சரம்மாவாகத்தான் இருந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வாய் நீளம், வேறொன்றுமில்லை.

பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் படி இறங்குவார் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே என் கணவர் நோர்வூட்டில் இரும்புக் குழாய் வாங்கி, நாலு கால் வைத்து வெல்டிங் பண்ணி ஆட்டோ கூரை மேல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். படியோரத்துச் சுவரில் காலுக்கு இரண்டு போல்ட் அடித்தால் வேலை முடிந்தது. நாலு கால், எட்டுத் துளை.

மெசினைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஹட்டனில் என் சம்பளத்தில் வாங்கியது. லயத்தில் யார் வீட்டில் பலகை அடிப்பதென்றாலும் என் மெசினுக்குத்தான் ஆள் வரும். மெசின் போகும். என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அதைப் பிடிக்கிறவர் எப்போதும் ஒரு ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ எழுதி வைத்ததுபோல நடந்துகொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மெசின் மேல் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. ஈரத்துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தேன். பிளக்கைச் சொருகி, சுவரில் அடையாளம் போட்ட இடத்தில் முனையை வைத்து விசையை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி அழுத்தினேன். பிளக்கைக் கழற்றி மாட்டி அழுத்தினேன். என்னமோ கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற ஆளிடம் பேசுவதுபோல, “ஏன், உனக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டேன். அதை என் கணவர் கேட்டுவிட்டார்.

அவர் ஆட்டோக்காரர். எந்தச் சாமான் ஓடாவிட்டாலும் அவரிடம் மூன்று வைத்தியம் உண்டு. முதலில் குலுக்குவார். பிறகு தட்டுவார். பிறகு மோந்து பார்ப்பார். மூன்றையும் செய்தார்.

“கருகின மணம் வரல. கோயில் மணம்தான் வருது” என்று சொல்லிச் சிரித்தார்.

“வேலைய பாக்க விடுங்க” என்று மெசினைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் சொன்னதை ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சம். ஆனால் புருஷன் சொன்னதைக் கேட்டுக் கண்டுபிடித்தால் அது என்ன அறிவியல்?

நான் முறைப்படி போனேன். மின்சாரம் வருகிற வழியைக் கையோடு தொடர்ந்து போக வேண்டும், எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே பழுது. பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மெசினைச் சொருகிய அதே பிளக் பாயிண்டில் மேசை விளக்கைச் சொருகினேன், எரிந்தது. அப்படியானால் பாயிண்ட் சரி. பிளக்குக்குள் இருக்கும் பியூஸை எடுத்து ரைஸ் குக்கர் பியூஸைப் போட்டேன். அசையவில்லை. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மெசினின் கைப்பிடி மூடியைத் திறந்தேன். ஒரு டார்ச் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு துண்டு வயர். எங்கள் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிற அதே ஏற்பாடு. வயரின் இந்த நுனியிலும் அந்த நுனியிலும் வைத்தால் பல்பு எரிந்தது. வயர் சரி. விசையை அழுத்திக்கொண்டு அதன் இரண்டு பக்கமும் வைத்தேன், எரிந்தது. விசையும் சரி. மோட்டார் பக்கம் போகிற இரண்டு வயரில் வைத்தேன். எரியவில்லை.

ஆக, பழுது மோட்டாருக்குள். அதுவரை கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மோட்டாருக்கு முன்னால் என் பாடப்புத்தகம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குக் கூடுவதுபோல ஆம்பிளைகள் எங்கள் பின்வாசலில் கூடிவிட்டார்கள். தலைமை தாங்கியவர், தேயிலைப் பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அவர் மெசினை வாங்கி விசையை அழுத்தினார். பிளக் சொருகப்படவில்லை.

“டீச்சர், பிளக்க சொருகுனீங்களா?” என்றார்.

“நேத்துலருந்து சொருகித்தான் பாக்குறேன் மாமா. வயர் சரி, சுவிட்ச் சரி, மோட்டாருக்குள்ளதான் என்னமோ.”

“மோட்டாரெல்லாம் லேசுல போகாது. கரண்டு பத்தல” என்று தீர்ப்புச் சொன்னார்.

கரண்டு பத்தாவிட்டால் விளக்கு மங்கலாக எரியும், எங்கள் வீட்டு விளக்கு கண் கூசுகிற மாதிரி எரிகிறது என்று சொன்னேன். என் பேச்சு காற்றோடு போனது. மாமா ஆள் அனுப்பினார். லயம் முழுக்க டீவி, குக்கர், தண்ணீர் காய்ச்சுகிற கேத்தல் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு. அத்தைக்காக என்றதும் எல்லாரும் நிறுத்தினார்கள். பத்து வீட்டுக் கரண்டும் என் ஒரு மெசினுக்காக ஒதுங்கி நின்றது. மாமா மெசினைச் சுவரில் வைத்து, காலை அகட்டி நின்று, கண்ணைச் சுருக்கி அழுத்தினார்.

மெசின் சிணுங்கக்கூட இல்லை.

“இன்னும் எவனோ அயன் பாக்ஸ் போட்டிருக்கான்” என்றார் மாமா. அயன் பாக்ஸ் போட்டவனைத் தேடி இருவர் போனார்கள். அதற்குள் சீரியல் முடிந்துபோனது. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கரண்டை நிறுத்தச் சொன்னவர் மாமா, ஏச்சு மட்டும் எனக்கு. பிறகு ஒருவர் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து சுவரைக் கொத்தினார். பழைய காலத்துக் கருங்கல் சுவர். கால் மணி நேரத்தில் ஒரு பொட்டுக்கடலை அளவுக்குப் பள்ளம் விழுந்தது. உளி முனை மழுங்கியது. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அத்தையின் வெடித்த உதடுதான் ஞாபகம் வந்தது. உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மெசினைப் பையில் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு சந்தில் ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா, கடை வைத்திருக்கிறார். பேன், கிரைண்டர், டிரில் எல்லாம் பழுது பார்ப்பார். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் போவார்கள். நான் மெசினை மேசையில் வைத்து, பியூஸிலிருந்து ஆரம்பித்து டார்ச் பேட்டரி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடப் பிளக்கைத் தொடவில்லை. மெசினைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தான் பாத்திருக்கீங்க டீச்சர். ஒண்டு கேக்கட்டா? பூசைக்கு வச்சீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “வச்சோம். அதுக்கும் இதுக்கும் என்ன?”

மெசினின் பின்பக்கத்தில் இரண்டு கன்னத்திலும் ஐந்து ரூபாய்க் காசுக் குற்றி அளவில் வட்டமாக ஒரு மூடி உண்டு. நடுவில் ஒரு கீறல். நான் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். அவர் கீறலில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினார். அந்த மூடிக்குப் பின்னால்தான் கார்பன் இருக்கிறதாம். நகம் அளவு கறுப்புத் துண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங். அது சுழலுகிற பாகத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் கரண்டு உள்ளே போகும். மூடியைக் கழற்றினால் தானாகத் துள்ளிக்கொண்டு வர வேண்டிய கார்பன் அசையாமல் இருந்தது. குறட்டால் இழுத்தெடுத்தார். கறுப்பாக இருக்க வேண்டியது மஞ்சளாக இருந்தது. அது இருந்த குழிக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகக் கிடந்தது. அடுத்த பக்கத்திலும் அப்படியே.

“எல்லாருக்கும் இந்த மூடியப் பாத்தா பொட்டு வைக்கத்தான் தோணும்” என்றார் நானா. “தண்ணியா கரைச்சி வச்சா கீறலுக்குள்ள எறங்கும். அப்புறம் ஈரத்துணி வச்சி அமத்தித் தொடைப்பீங்க. மிச்சமும் உள்ள போயிரும். ஆயுத பூசை முடிஞ்ச மாசம் எனக்கு இதான் வேல. கிரைண்டர் வரும், டிரில் வரும், எல்லாத்துக்குள்ளயும் சந்தனம் ஈக்கும்.”

“எங்க மாமியார்தான் வச்சாங்க” என்றேன், கண்ணை மூடித் திறப்பதற்குள். “அவங்க எல்லாத்துக்கும் வைப்பாங்க.”

“கோவிக்காதீங்க. நாங்களும்தான் ஓதி ஊதிட்டுக் கடை தொறக்கிறம். மெசினுக்குள்ள ஊதுறதில்ல, அவ்வளவுதான். அடுத்த வருசம் மெசின பெட்டியில வச்சி, பெட்டிக்குப் பொட்டு வைங்க.”

சுரண்டி எடுத்த சந்தனத்தைக் கடதாசியில் மடித்துத் தரச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. குழியைத் துடைத்து, கார்பனைத் தேய்த்துப் போட்டு மூடியைத் திருகி, பிளக்கைச் சொருகினார். விசையைத் தொட்டதும் மெசின் கத்திய கத்தலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த இரைச்சலைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் மடியில் மெசின், கைப்பைக்குள் பொட்டலம். நோர்வூட் வரும் வரைக்கும் அத்தைக்கு ஒரு சொற்பொழிவு தயார் செய்தேன். உங்க பக்தி உங்க படிக்கே எமனா வந்துச்சு பாத்தீங்களா அத்தை, என்று ஆரம்பம். அறிவியல் என்பது என்ன என்று நடுவில் ஒரு பகுதி. கடைசியில் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுவது. ஒன்பது வருடத்தில் கையில் கிடைத்த முதல் ஆதாரம், சும்மா விடுவேனா? அவர் நடந்து வந்து உட்கார்ந்து, நன்றாகத் தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று பெரிய மனது பண்ணி ஒத்திவைத்தேன். மனது எவ்வளவு பெரியது என்றால், வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும்.

வியாழக்கிழமை பின்னேரம் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை காலையில் ஏழு மணிக்கு வெறித்தது. மெசினை நானே பிடித்தேன். மாமா கைநீட்டினார், கொடுக்கவில்லை. அவர் குடையை விரித்து, தரையில் கிடந்த வயர் நனையாமல் பார்த்துக்கொண்டார். கருங்கல்லில் முனை இறங்கும்போது பல்லெல்லாம் ஆடியது. மூன்றாவது துளைக்குள் கை மரத்துப்போனது. எட்டாவது முடிந்தபோது மணி பத்து. போல்ட்டுகளைத் திருகி, குழாயைப் பிடித்து நான் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் மாமா, குடையை மடித்தபடி. “இன்னைக்குக் கரண்டு நல்லா வருது.”

என் கணவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பன்னிரண்டு மணிக்கு அத்தை வந்து இறங்கினார். பாதி ஆளாகியிருந்தார். முன்வாசல் வழியாக வந்தவர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. தாங்குசட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே பின்வாசலுக்குப் போனார். குழாயைப் பார்த்தார். ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு தாங்குசட்டத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, முதல் படியில் காலை வைத்தார்.

நான் பின்னாலேயே இறங்கப் போனேன். “நீ அங்கயே நில்லு” என்றார்.

ஆறு படி. ஒவ்வொன்றுக்கும் நின்று மூச்சு வாங்கினார். கழிப்பறைக் கதவு சாத்திக்கொண்டது, உள்ளே தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. நானும் என் கணவரும் மாமாவும் மேலே நின்றுகொண்டு அந்தக் கதவையே பார்த்தோம். பிறகுதான் புத்தி வந்து மூன்று பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

ஏறி வந்து நாற்காலியில் சாய்ந்ததும் அத்தை கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. பிறகு சொன்னார்: “தேத்தண்ணி போடு.”

போட்டேன். ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொற்பொழிவுக்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்து, கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன்.

“அந்த மெசினாலதான் ஓட்டை போட்டீங்களா?” என்றார் அத்தை.

“ஆமா அத்தை. ஆனா ரெண்டு நாளா ஓடல. ஏன்னு தெரியுமா?”

“சந்தனம் உள்ள போயிருக்கும்.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“அன்னைக்கே சொன்னேன், இது கரண்டு சாமான், இதுக்கு வேணாம்னு. கேட்டியா நீ? என்னோட மெசின், நான்தான் வைப்பேன்னு பன்னீர ஊத்திக் கரைச்சு, ரெண்டு பக்கமும் வச்ச. மத்ததுக்கெல்லாம் நான் வச்சேன். இதுக்கு நான் வைக்கல.”

“இல்லியே” என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

என் கணவர் இதற்காகவே பிறந்தவர்போல போனை எடுத்தார். ஆயுத பூசைப் படங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றில் நிறுத்தி என் முன்னால் நீட்டினார். என் மெசின். அதன் கன்னத்தில் சந்தனம் அப்புகிற ஒரு கை. மணிக்கட்டில் கடிகாரம். அத்தை வாழ்நாளில் கடிகாரம் கட்டியதில்லை. பக்கத்தில் அத்தை நிற்கிறார், வேண்டாம் என்று கையைக் காட்டியபடி. படத்தில் நான் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எவ்வளவு உறுதியாகப் பழியை அவர் தலையில் போட்டேன். நானாவிடம், பஸ்ஸில் எனக்கு நானே, எல்லா இடத்திலும். ஒரு தடவைகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிளக் பாயிண்ட், பியூஸ், வயர், விசை என்று வழி நெடுக எல்லாவற்றையும் சோதித்த நான், என்னை மட்டும் சோதிக்காமல் விட்டிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

“கையில என்னது அது?” என்றார் அத்தை, பொட்டலத்தைப் பார்த்து.

“ஒண்ணுமில்ல அத்தை. குப்பை.”

அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன். வீடு முழுக்கச் சந்தன மணம் எழுந்தது. என் கணவர் மூக்கை உறிஞ்சிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் ஆட்டோவைக் கழுவப் போய்விட்டார்.

அத்தை காலி கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

“இன்னொண்ணு ஊத்து பிள்ள” என்றார். “பெரிய கிளாஸ்ல.”